மடிக்கு ஒரு ஆள்

சோலைச்சாமிக்குத் தன் பெயரைத் தாய் வாயால் கேட்கும் பாக்கியம் கிடையாது. அது அவன் தாத்தாவின் பெயர். மாமனார் பெயரைச் சங்கரம்மாள் எப்படிச் சொல்லுவாள்? பிறந்த அன்றைக்கே பிள்ளையைப் 'பெரியவரே' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். பால் குடிக்கும்போதும் பெரியவர்தான், மண்ணைத் தின்றுவிட்டு முதுகில் அடி வாங்கும்போதும் பெரியவர்தான்.

அந்தப் பெயர் வந்ததே கால் விரலால். தாத்தா சோலைச்சாமி ஒரு பருத்தி வெள்ளாமையின்போது வண்டிக்கடியில் கால் நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தார். மாடு எதையோ கண்டு மிரண்டு வண்டியை இழுக்க, சக்கரம் ஏறி இரண்டு கால் கட்டைவிரலும் நசுங்கிவிட்டது. குட்டையாகி உள்பக்கம் மடங்கின விரல்களோடு மனுசன் முப்பது வருசம் நடந்தார். அவர் கண்ணை மூடிய பத்தாம் மாதம் மகன் ராமசுப்புவுக்கு முதல் பிள்ளை பிறந்தது. பார்த்தால் இரண்டு காலிலும் கட்டைவிரல் குட்டை, உள்பக்கம் மடக்கம். பிரசவம் பார்த்த கிழவி, "ஏலே ராமசுப்பு, உங்கய்யா திரும்பி வந்துட்டாரு!" என்று கத்தினாள். ராமசுப்பு அழுதுகொண்டே சிரித்தார். ஊரே வந்து அந்த விரல்களைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனது. நம் ஆட்களுக்கு அதிசயம் ஒன்று கண்ணில் பட்டால் கும்பிடத்தான் தெரியும், ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கத் தெரியாது.

கேட்டிருந்தாலும் சொல்ல அந்தச் சுற்றுவட்டத்தில் ஆள் இல்லை என்பது வேறு விசயம்.

ஏழு வயதில் பையன் வண்டியிலிருந்து இறங்கும்போது இடறி விழுந்தான். பெரிய அடி இல்லை. இரண்டு நாள் கழித்துப் பிடரியில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு வீக்கம் கிளம்பியது. தொட்டால் சுட்டது. சங்கரம்மாள் விளக்கெண்ணெயைச் சூடாக்கித் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க வீக்கம் வளர்ந்ததே தவிர வடியவில்லை. அடுத்த ஊர் கண்ணுசாமி வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் முழங்காலுக்கிடையில் பிள்ளையை இடுக்கிக்கொண்டு கழுத்தை இந்தப் பக்கம் ஒரு திருப்பு, அந்தப் பக்கம் ஒரு திருப்பு திருப்பினார். பிள்ளை போட்ட சத்தத்தில் வாசலில் கட்டியிருந்த ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டது. பதினைந்து நாளில் வீக்கம் வற்றிப்போனது. வைத்தியருக்குச் சேவல் ஒன்று கொடுத்தார்கள். ஆனால் அன்றிலிருந்து கழுத்து திரும்பவில்லை. பக்கத்தில் யாராவது கூப்பிட்டால் சோலைச்சாமி உடம்போடுதான் திரும்புவான்.

அதற்குப் பிறகு அதுவே வாடிக்கையாகிப் போனது. வருசத்துக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோ ஓரிடத்தில் வீங்கும், சிவக்கும், சுடும், பத்து நாள் தூங்க விடாது. பிறகு வலி போய்விடும். போகிற வலி அந்த மூட்டையும் கூட்டிக்கொண்டுதான் போகும். தோள் போனது. பதினான்கு வயதில் வலது முழங்கை, பதினேழில் இடது முழங்கை. காய்ச்சலுக்குக் கோவில்பட்டியில் புஜத்தில் ஓர் ஊசி போட்டார்கள், அந்த இடத்திலும் கல் மாதிரி ஒன்று கிளம்பியது. முதுகில் விரலை வைத்துப் பார்த்தால் சதைக்கு அடியில் குச்சி குச்சியாக எலும்பு தட்டுப்படும். சங்கரம்மாள் மட்டும் சளைக்கவில்லை. தினமும் சாயங்காலம் விளக்கு வைத்ததும் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்துவிடுவாள். பெற்ற மனசு, கையைக் கட்டிக்கொண்டு இருக்குமா?

இருபத்துமூன்று வயதில் சோலைச்சாமியின் நிலைமை இது: கழுத்து அசையாது, தோள் தூக்காது, இரண்டு கையும் முழங்கையில் மடங்கி நெஞ்சுக்கு முன்னால் நின்றுவிட்டன. தலை வாரி விடுவது, குளிப்பாட்டுவது எல்லாம் அம்மாதான். ஆனால் கால் இருந்தது. அந்தக் காலை வைத்துக்கொண்டு அவன் என்ன போடு போட்டான் என்கிறீர்கள்! காலையில் எழுந்தால் கயத்தாறு ரோட்டு டீக்கடைக்கு ஒன்றரை மைல் நடை. அந்தக் கைகள் பேப்பர் பிடிப்பதற்கென்றே அளவெடுத்து நின்றதுபோல நின்றிருந்தன. டீக்கடைக்காரர் பேப்பரை விரித்துக் கையில் சொருகுவார். சோலைச்சாமி நின்றுகொண்டே முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை உரக்க வாசிப்பான். லாரிக்காரர்கள் வண்டியை ஓரம் கட்டிவிட்டுக் கேட்பார்கள். தலைவர்கள் பேசினதை அந்தந்தத் தலைவர் குரலிலேயே வாசிப்பான் என்பதால் கூட்டம் கலையாது.

அங்கிருந்து நேராகக் கரிசல் காட்டுக்கு. சோளம் பால்பிடிக்கும் காலத்தில் குருவி விரட்டுவதற்கென்று போய் நிற்பான். "சம்பளமில்லாத சோளக்கொல்லைப் பொம்மை நான்தான்லே" என்று அவனே சொல்லிச் சிரிப்பான். மழை பெய்த மறுநாள் கரிசல் மண் காலோடு ஒட்டி, அடி வைக்க அடி வைக்க ஒவ்வொரு பாதமும் இரண்டு மூன்று படி கனக்கும். எல்லாரும் அதைத் திட்டுவார்கள். அவனுக்கு அது பிடிக்கும். கையும் கழுத்தும் அவனைவிட்டுப் போன பிறகு, நிலம் தன்னைப் பிடித்து இழுக்கிறதே என்று ஒரு சந்தோசம்.

எழுபத்தேழாம் வருசம் தங்கச்சி பாலம்மாளைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை செண்பகராஜ், புதியம்புத்தூரில் ரெடிமேட் சட்டை தைக்கிறவர். எல்லாம் ஒத்து வந்தது. மாப்பிள்ளையின் அம்மா முத்துமாரியம்மாள் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, வாசலில் நின்றிருந்த சோலைச்சாமியை மேலும் கீழும் பார்த்தாள்.

"பொண்ணுக்குக் கூடப்பிறந்தது இவிய ஒருத்தருதானே? நாளைக்கு எங்க வீட்டுப் பிள்ளைக்கு மொட்டை போடணும், காது குத்தணும். தாய்மாமன் மடி வேணுமே. இவிய இப்படி இருக்காகளே, மடிக்கு எங்கன போக?"

கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. மனசில் பட்டதை மறைக்கத் தெரியாத பொம்பளை, அவ்வளவுதான். ராமசுப்பு தரையைப் பார்த்தார். சித்தப்பா மகன் சாமித்துரை தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஏன், நான் ஒருத்தன் இல்லையா?" என்றான். அதற்குள் அடுப்பங்கரைக் கதவு திறந்தது. பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் தானாக வெளியே வந்து நின்றாள்.

"எம்பிள்ளைக்கு எங்கண்ணன் மடியிலதான் காது குத்தும். அதுக்குச் சம்மதம்னா பூ வைங்க. இல்லன்னா காப்பியக் குடிச்சிட்டுக் கிளம்புங்க."

சங்கரம்மாளுக்கு மயக்கம் வராத குறை. செண்பகராஜ்தான் முதலில் சிரித்தார். "அம்மா, பூவை எடு" என்றார். சோலைச்சாமி உடம்போடு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். கண்ணைத் துடைக்கக் கை எட்டாதவன் வேறு என்ன செய்வான்? அன்றைக்கு அவன் மனசில் ஓர் ஆசை வந்து உட்கார்ந்தது. தனக்குக் கல்யாணம் இல்லை, பிள்ளை இல்லை என்பது அவனுக்கு எப்போதோ தெரியும். ஆனால் ஒரு பிள்ளை தன் மடியில் உட்காரும், ஒரு நாளாவது உட்காரும் என்பது இப்போது பேச்சாகிவிட்டது, நாலு பேர் முன்னால்.

கல்யாணம் முடிந்து இரண்டு வருசம் போனது. எழுபத்தொன்பது புரட்டாசியில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கால் தவறி, இடுப்பு படிக்கட்டில் மோதியது. வலது இடுப்பில் வீக்கம் கிளம்பியது. இதுவரை வந்ததிலேயே பெரிசு. செண்பகராஜ் விடாப்பிடியாக எல்லாரையும் மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஒரு எலும்பு டாக்டர், இளவயது. கையைத் தொடவில்லை, முதுகைத் தொடவில்லை.

"செருப்பைக் கழட்டுங்க" என்றார்.

கால் விரல்களைக் குனிந்து பார்த்துவிட்டு, "பிறக்கும்போதே இப்படியா?" என்று கேட்டார்.

ராமசுப்புவுக்கு அந்த இடத்திலும் பெருமை விடவில்லை. "ஆமாங்கய்யா. எங்கய்யா விரலு. அவிய செத்து..." என்று வண்டிச்சக்கரக் கதையை ஆரம்பித்தார். டாக்டர் பொறுமையாக முழுக்கக் கேட்டார்.

"ஐயா, இது உங்க அப்பா விரல் இல்லை. இந்த நோய்க்கு முதல் அடையாளமே இந்த விரல்தான். ரொம்ப அபூர்வமான நோய். புஸ்தகத்தில்தான் படித்திருக்கிறேன், இன்றைக்குத்தான் கண்ணால் பார்க்கிறேன். உடம்பில் அடிபட்டால் நமக்கெல்லாம் சதை வளர்ந்து ஆறும். இவருக்குச் சதை இருக்கவேண்டிய இடத்தில் எலும்பு வளர்ந்துவிடும். மருந்து கிடையாது. இனிமேல் தேய்க்காதீர்கள், இழுக்காதீர்கள், சதையில் ஊசி போடாதீர்கள், யார் சொன்னாலும் கத்தி வைக்க விடாதீர்கள். ஒவ்வொன்றும் புது எலும்புக்கு விதை போடுகிற மாதிரி."

சங்கரம்மாள் தன் இரண்டு உள்ளங்கையையும் விரித்துப் பார்த்தாள். "பதினெட்டு வருசமா நான் தேச்சேனேய்யா" என்றாள். "தெரியாமல் செய்ததுதானே அம்மா" என்றார் டாக்டர்.

பிறகு சோலைச்சாமியின் முகத்துக்கு நேராக வந்து நின்றார். "இந்த இடுப்பு பூட்டிக்கொள்ளும். பாதிப்பேருக்கு மேல் அடுத்த இடுப்பும் பின்னாலேயே போகும். நிச்சயமாகச் சொல்ல முடியாது, ஆனால் வீக்கம் இருக்கிற இந்த நாலைந்து மாதம் உடம்பை எப்படி வைத்திருக்கிறீர்களோ, அநேகமாக அப்படியே நின்றுவிடும். நின்றபடி இருந்தால் கம்பு ஊன்றி அடி அடியாக நகரலாம், ஆனால் உட்காரவே முடியாது. உட்கார்ந்தபடி இருந்தால் நாற்காலிதான், நடை இல்லை. யோசித்து முடிவு பண்ணுங்கள்."

பாலம்மாள்தான் கேட்டாள். "டாக்டர், இது எனக்குப் பிறக்கிற பிள்ளைக்கும் வருமா?"

"உங்களுக்கு விரல் நன்றாக இருக்கிறது. அநேகமாக வராது. ஆனால் சத்தியம் பண்ணிச் சொல்ல என்னால் முடியாதம்மா."

பாலம்மாள் காதில் கடைசி வாக்கியம் மட்டும்தான் விழுந்தது. அது பின்னால்தான் தெரிந்தது.

ஊர் வந்து சேர்ந்ததும் வீட்டில் வேறு பேச்சே இல்லை. "நில்லுண்ணே" என்றாள் பாலம்மாள். "நின்னா டீக்கடைக்குப் போவே, காட்டுக்குப் போவே. உன் கால எடுத்துட்டா நீ நீயா இருக்க மாட்டே." அவள் சொன்னது அத்தனையும் நிஜம். ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில் சோலைச்சாமி கம்பை ஊன்றி, வலிக்கிற இடுப்போடு தன்னந்தனியாகக் காட்டுக்குப் போனான். மண் காலைப் பிடித்து இழுத்தது. விதைத்த கம்பம்பயிர் அப்போதுதான் பச்சை விட்டிருந்தது. அவனால் குனிந்து பார்க்க முடியாது. தூரத்தில் தெரிந்ததைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். நிற்கிறவனுக்கு உலகம் உண்டு, மடி கிடையாது. உட்கார்ந்திருக்கிறவனுக்கு மடி உண்டு, மற்றதெல்லாம் போய்விடும். இந்தக் கணக்கை யாரிடம் போய்ச் சொல்ல? சொன்னால் பாலம்மாள் விடுவாளா? பிள்ளையே வேண்டாம் என்று சத்தியம் பண்ணினாலும் பண்ணுவாள்.

வீட்டுக்கு வந்ததும் ஆசாரியை வரச் சொல்லி, கை வைத்த நாற்காலி ஒன்று செய்யச் சொன்னான்.

"ஏண்ணே?" என்று பாலம்மாள் கத்தினாள்.

"எனக்கு உக்காந்து திங்கணும்னு ஆசை. இத்தனை வருசம் நடந்த அலுப்பு."

"சோம்பேறி" என்று திட்டிவிட்டு அவள் புதியம்புத்தூருக்குப் பஸ் ஏறினாள். ஒரு மாதம் பேசவில்லை.

தைப்பொங்கலுக்குள் வலது இடுப்பு பூட்டிக்கொண்டது. சித்திரைக்குள் இடது. தூங்கினாலும் உட்கார்ந்துதான். நாற்காலியைத் தெருக்கதவுக்கு நேராகப் போட்டார்கள். கதவு அளவுக்கு ரோடு தெரியும். கழுத்து திரும்பாததால், போகிறவர்கள் இந்தப் பக்கத்துச் சட்டத்தில் தோன்றி அந்தப் பக்கத்துச் சட்டத்தில் மறைவார்கள், நாலு எட்டு வைக்கிற நேரம். அந்த நாலு எட்டையும் அவன் ஆசையோடு பார்ப்பான். யார் எப்படிக் கால் வைக்கிறார்கள் என்று நடையை வைத்தே ஆளைச் சொல்லப் பழகிக்கொண்டான். டீக்கடைக்காரர் முதலில் வாரம் இரண்டு நாள் பேப்பரைக் கொண்டுவந்து கொடுத்தார். பிறகு மாதம் ஒருநாள். அவரையும் குறை சொல்ல முடியாது, கடையை யார் பார்ப்பது? சங்கரம்மாளோ மகனைத் தொடவே பயந்தாள். தலை வாரும்போதுகூடச் சீப்பு மட்டும் படும், கை படாது. "அம்மா, தேய்க்க வேண்டாம், சும்மா தலையில கை வையேன்" என்று ஒருநாள் அவன் கேட்டான். அவள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

செண்பகராஜ் மட்டும் மாதம் தவறாமல் வந்தார். கை தூக்க முடியாதவனுக்கென்று முன்பக்கம் முழுசாகவும் முதுகுப்பக்கம் பட்டன் வைத்தும் சட்டை தைத்துக்கொண்டு வருவார். "புதியம்புத்தூர்ல இந்த மாடலுக்கு நான் ஒருத்தன்தான் மச்சான்" என்பார்.

தீபாவளிக்குத் தீபாவளி, பொங்கலுக்குப் பொங்கல் பாலம்மாள் வருவாள். சோலைச்சாமியால் குனியத்தான் முடியாது, நேரே பார்க்க முடியுமே. வாசலில் நுழையும்போதே தங்கச்சியின் வயிற்றைத்தான் பார்ப்பான். ஒன்றும் இருக்காது. ஊர் வழக்கம்போலப் பேசியது. சங்கரம்மாள் போகாத கோவில் இல்லை. ஒரு வருசம், இரண்டு வருசம், நாலு வருசம். அவனால் தன் மடியைத் தானே பார்க்க முடியாது. ஆனால் அது காலியாக இருப்பது ஒவ்வொரு நாளும் தெரியும். சில மத்தியானங்களில் மடியில் கனம் இருப்பதுபோல இருக்கும். பிறகு சத்தம் கேட்கும், பூனை.

எண்பத்துமூன்று ஆடியில் செண்பகராஜ் சட்டையின் முதுகுப் பட்டனைப் போட்டுக்கொண்டே, பின்னால் நின்றபடி சொன்னார். முகத்துக்கு நேரே சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை.

"மச்சான், எல்லாரும் அவ மேல குறையிருக்குன்னு பேசுதாங்க. குறையெல்லாம் ஒண்ணுமில்ல. அவளுக்குப் பயம். மதுரையில டாக்டர் சொன்னாரே, சத்தியம் பண்ண முடியாதுன்னு. அதுலேருந்து வேண்டாம் வேண்டாம்னு தள்ளிப் போடுதா. கனவுல கால் விரலு வருதாம். நானும் எங்கம்மாட்ட எத்தனை நாள் பொய் சொல்ல?"

சோலைச்சாமிக்கு வாய் திறக்கவில்லை. அந்த வருசம் தாடையும் இறுகிப்போய் ஒரு விரல் அளவுக்குத்தான் திறக்கும். ஆனால் பேச்சு வராததற்குக் காரணம் தாடை இல்லை. எந்தப் பிள்ளைக்காகக் காலைக் கொடுத்தானோ, அந்தப் பிள்ளை தன்னால்தான் வராமல் இருக்கிறது. இதைவிட ஒருவனுக்கு என்ன வேண்டும்? செண்பகராஜ் போன பிறகு நாள் முழுக்கக் கதவை அடைக்கச் சொன்னான். ரோட்டில் நடக்கிறவர்களை முதல்தடவையாகப் பார்க்கப் பிடிக்கவில்லை.

அடுத்த வாரம் பாலம்மாளை வரச் சொல்லி ஆள் விட்டான். அவள் வந்து எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"எந்திரிச்சு நில்லு ஏட்டி. உன் மூஞ்சி எனக்குத் தெரியணும்" என்றான். அவள் எழுந்து நின்றாள். "மாப்பிள்ளை எல்லாம் சொன்னாரு."

பாலம்மாள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு அழுகையோடு அழுகையாகக் கேட்டாள். "உன்னைப்போல ஒண்ணு பிறந்துட்டா நான் என்னண்ணே செய்வேன்? நீ பட்டதைப் பார்த்தவ நான். நீ நல்லாவா இருக்கே? நெஞ்சத் தொட்டுச் சொல்லு."

"நெஞ்சத் தொடத்தானே ரெண்டு கையும் இங்கனயே நிக்கி" என்றான். அவள் சிரிக்கவில்லை. அவனும் விளையாட்டை விட்டுவிட்டான்.

"நல்லா இருக்கேன்னு சொன்னா அது பொய். நடக்கணும்னு தெனமும் ஆசையா இருக்கு. நேத்து மழை பெஞ்சுதே, மண் வாசனை வந்ததும் எனக்குக் கால் ரெண்டும் துடிச்சது. ஆனா பிறக்காம இருந்திருக்கலாமேன்னு ஒருநாள்கூட நான் நினைக்கல பாலு. சாமி சத்தியமா நினைக்கல." மூச்சு வாங்கிக்கொண்டான். "இன்னொண்ணு கேட்டுக்கோ. என்னை அம்மா தேய்ச்சா, வைத்தியர் முறுக்குனாரு, ஊசி போட்டாங்க. யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். உனக்கு அப்படி ஒண்ணு பிறந்துச்சுன்னா, முதல் நாளே விரலைப் பார்ப்போம். விழாம வளர்ப்போம். எவனையும் தொட விட மாட்டேன். அந்தப் பிள்ளைக்கு என்னைப்போல ஒரு ஆளு முன்னாடியே இருக்கான். எனக்கு அது இல்லாமப் போச்சு, அவ்வளவுதான்."

பாலம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.

மறுவருசம் ஆனியில் வயிறும் தானுமாகப் பிரசவத்துக்குப் பிறந்த வீட்டுக்கு வந்தாள். ஆடி இரண்டாம் வெள்ளி கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை. தகவல் சொல்ல ஓடிவந்த சாமித்துரையிடம் சோலைச்சாமி விரல் எப்படி என்று கேட்கவில்லை. கேட்டால் அவன் ஏதாவது சொல்லிவிடுவான். மூன்று நாள் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தான். சங்கரம்மாளும் ராமசுப்புவும் மகளோடு ஆஸ்பத்திரியில்தான் இருந்தார்கள், வந்து சொல்ல வேறு ஆளில்லை.

நாலாம் நாள் கதவுச் சட்டத்துக்குள் பாலம்மாளின் நடை வந்தது. கையில் பழைய சேலைத் துணியில் பிள்ளை சுற்றிக்கிடந்தது. அவள் முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"முகத்தைக் காட்டாதே. காலைக் காட்டு" என்றான்.

அவள் துணியை விலக்கினாள். இரண்டு பாதத்தையும் சேர்த்துப் பிடித்து அவன் கண்ணுக்கு நேரே தூக்கினாள். சிவப்பாக, தோல் சுருங்கி, விரல் பத்தும் விரிந்து மடங்கியது. இரண்டு கட்டைவிரலும் நீளமாக, நேராக நின்றன. அவன் ஒன்று ஒன்றாகப் பார்த்தான். திரும்பவும் பார்த்தான். சங்கரம்மாள் பின்னாலிருந்து, "நேரா இருக்கு பெரியவரே, நேரா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவன் கண்ணீர் அதுபாட்டுக்கு இறங்கி நாடியில் சொட்டியது. அன்றைக்கு, கிட்டத்தட்ட ஐந்து வருசத்துக்குப் பிறகு, சங்கரம்மாள் மகனைத் தொட்டாள். முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

ஒன்பதாம் மாதம் பங்குனியில் காதுகுத்து வைத்தார்கள். குலதெய்வம் கோவில் ஊருக்கு வெளியே, டீக்கடையையும் தாண்டி. "எதுக்கு அவ்வளவு தூரம் அண்ணனைத் தூக்கிட்டு? நான் மடி கொடுக்கேன்" என்று சாமித்துரை திரும்பவும் தொண்டையைச் செருமினான். பாலம்மாள் பார்த்த பார்வையில் அவனே நாற்காலியின் ஒரு காலைப் பிடிக்க வந்துவிட்டான். இரண்டு மூங்கிலைக் கட்டி, நாலு பேர் தூக்க, நாற்காலியோடு சோலைச்சாமி புறப்பட்டான். "சாமி புறப்பாடு வருது, விலகுங்க" என்று செண்பகராஜ் முன்னால் சத்தம் போட்டுக்கொண்டு போனார். முத்துமாரியம்மாளே குடை பிடித்தாள்.

ஐந்து வருசத்துக்குப் பிறகு ரோடு. டீக்கடையில் புது முகங்கள் இருந்தன. பழைய ஆட்கள் இரண்டு பேர் எழுந்து நின்றார்கள். காட்டோரம் வந்ததும், "கொஞ்சம் நிறுத்துங்கலே" என்றான். பருத்தி வெடித்து வெள்ளையாகக் கிடந்தது. வெயிலில் கரிசல் பாளம் பாளமாக வெடித்திருந்தது. பொம்பளைகள் மடியில் பருத்தியைப் போட்டுக்கொண்டே நிரை நிரையாக நகர்ந்துகொண்டிருந்தார்கள். தூக்கினவர்களுக்குத் தோள் வலித்தாலும் ஒருவரும் நாற்காலியை இறக்கவில்லை. "போதும், போங்க" என்று அவனே சொன்னான்.

கோவில் வேப்பமரத்தடியில் நாற்காலியை இறக்கினார்கள். மொட்டையடித்துச் சந்தனம் பூசின பிள்ளையைக் கொண்டுவந்து பாலம்மாள் அவன் மடியில் வைத்தாள். அவனால் குனிந்து பார்க்க முடியாது, கையால் அணைக்கவும் முடியாது. மொட்டைத்தலையின் சந்தனம் மட்டும் மணத்தது. ஆனால் கனம் தெரிந்தது. சூடு தெரிந்தது. குட்டிக் கால் ஒன்று அவன் தொடையை உதைத்தது. நகை ஆசாரி ஊசியைக் குத்தவும் பிள்ளை வீறிட்டது, அவன் வேட்டியை நனைத்துவிட்டது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அடுத்த காதும் முடிந்தது. அழுது அழுது களைத்த பிள்ளை அந்த மடியிலேயே சரிந்து, அவன் மணிக்கட்டில் கன்னத்தை வைத்துத் தூங்கிப்போனது. ஆடாத அசையாத மடி, தூங்க அதைவிட நல்ல இடம் கிடைக்குமா?

எல்லாரும் பந்திக்குப் போனார்கள். மரத்தடியில் அண்ணனும் தங்கச்சியும் பிள்ளையும்தான்.

"அண்ணே, ரொம்ப நேரம் ஆச்சு. உனக்குக் காலு மரத்துப்போகும். தூக்கிக்கிடவா?" என்று பாலம்மாள் குனிந்தாள்.

"வேண்டாம், வேண்டாம். மரத்தாலும் மரத்துட்டுப் போகுது" என்றான் சோலைச்சாமி அவசரமாக. "இதுக்குத்தானே உக்காந்தேன்."

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டது தெரிந்தது. நாக்கைக் கடிக்கலாம் என்றால் தாடை அதற்கும் இடம் கொடுக்கவில்லை. பாலம்மாள் குனிந்தவள் குனிந்தபடியே நின்றாள். எழுபத்தொன்பது ஐப்பசியும், ஆசாரி செய்த நாற்காலியும், தான் திட்டின திட்டும், பிறகு ஒவ்வொரு பொங்கலுக்கும் தன் வயிற்றைப் பார்த்த அந்தக் கண்ணும் அவளுக்கு ஒன்றன்பின் ஒன்றாக வந்திருக்க வேண்டும். பிள்ளையை எடுக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் சோலைச்சாமிக்குத் தன் பாதத்தில் ஈரமாக ஏதோ படுவது தெரிந்தது. பிறகு இரண்டு கைகள் தெரிந்தன. தங்கச்சி கீழே மண்ணில் உட்கார்ந்து, அவன் காலை, அந்த மடங்கின விரல்களோடு சேர்த்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். தேய்க்கவில்லை, அமுக்கவில்லை. சும்மா பிடித்துக்கொண்டிருந்தாள்.